கரைக்குள் நான் புதைத்த குழாய்

எங்கள் ஊர்ப் பாசன ஏரியின் கரையை உயர்த்திக் கட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டிராக்டர் ஓட்டி, மண் வேலை எடுத்துச் செய்கிறவனாக வளர்ந்தேன். படித்த இன்ஜினியர்களே மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

போன கார்த்திகையில் ஏரி தளும்பி நின்றது. கரைக்குக் கீழே நெல் பால் பிடித்திருந்தது. ஒரு காலையில் நண்டுக்காரி என்னைத் தேடி வந்தாள். பழவேற்காட்டு உப்புத் தண்ணீரில் வெறுங்கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவள். ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் எங்கள் கரையடி வாய்க்காலுக்கும் வருவாள். கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் ஊறுகிறது என்றாள். மண்கரை என்றால் வேர்க்கத்தான் செய்யும் என்றேன்.

"வேர்வை தெளிவால்ல வரணும் நைனா? கலங்கி வருது."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெளிவாக வந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனில் ஊற்று, அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மண். நண்டு வளைதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் களிமண்ணை உருட்டி அடைத்தேன். வீட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சோற்றில் கை வைத்தேன், எழுந்து வந்தேன். மதியத்துக்குள் இரண்டு முழம் தள்ளி, முன்னதைவிடப் பெரிதாக இன்னொரு ஊற்று. வெளிவாயை அடைத்தால் தண்ணீர் வேறு வாய் தேடும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அடைத்தேன்.

ஊர் கூடிவிட்டது. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாவிட்டால், உபரித் தண்ணீர் வழியும் கோடியை உடைத்து ஏரியை வடித்துவிட வேண்டியதுதான் என்றார் ஊர்த் தலைவர். ஏரி வடிந்தால் பயிர் காயும். கரை போனால் கீழ்த்தெருவும் சேர்ந்து போகும்.

நண்டுக்காரி ஊற்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

"நண்டு வளைன்னா என் கைக்குத் தெரியாதா? ஒரு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் வழவழன்னு கீது. இன்னா நைனா இது?"

எனக்குத் தெரியும். கரை கட்டிய கோடையில், மதகு முறைக்குக் காத்திருக்கப் பிடிக்காமல், என் நிலத்துக்கு மட்டும் கரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு பயந்துபோய் இரண்டு வாயையும் சிமெண்டால் அடைத்துவிட்டேன். குழாய்க்குள் சொட்டுத் தண்ணீர் போகாது. ஆனால் அவசரத்தில் அதைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கவில்லை. தண்ணீர் குழாயின் முதுகோடு வழி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறது.

கோடியில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்கடா. உள்ள குழாய் கீது. போட்டவன் நான். அது எங்க நுழையுதுன்னு எனக்குத் தெரியும்."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊருக்கு ஒரு மதகு. நைனாவுக்குத் தனி மதகா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினேன். நான் காட்டிய இடத்தில் உமியைத் தூவினார்கள். உமி அங்கேயே சுழன்று உள்ளே இழுபட்டது. வைக்கோலையும் களிமண் மூட்டைகளையும் இறக்கி மிதித்தோம். வெளிப்பக்கம் அடைக்கவில்லை, மணலைக் கொட்டி மேலே ஜல்லியைப் பரப்பினோம். தண்ணீர் போகலாம், மண் போகக் கூடாது. பொழுது சாய்வதற்குள் ஊற்று தெளிந்தது.

கழுத்தளவுத் தண்ணீரில் அந்த வாயைக் காலாலேயே கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆள் உண்டா? அதை மட்டும் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை.

அறுப்பு முடிந்துவிட்டது. இன்னமும் தினம் காலையில் போய் ஊற்றில் ஒரு கை அள்ளிப் பார்க்கிறேன். நண்டுக்காரி வாய்க்காலில் குனிந்தபடியே கேட்பாள், தெளிவா கீதா நைனா என்று. தெளிவாகத்தான் இருக்கிறது. பாதி வழி போனதும் திரும்பி வந்து மறுபடியும் அள்ளுகிறேன்.