லைப்சிக்கிற்குப் போன ஒற்றைப் பூ

காலை 6.50க்கு வுப்பர்டாலில் ரயில் ஏறினோம். லைப்சிக் நானூறு கிலோமீட்டருக்கு மேல், இருவருக்கும் 75.80 யூரோ. என் மடியில் ஒரு பூச்சாடி, அதில் விரலளவுச் செடி, மூடிய ஒரே ஒரு பூ.

"எங்கட பிள்ளையைக்கூட நீர் இப்பிடிப் பொத்திப் பிடிக்கேல்ல," என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வுப்பர்டால் தாவரத் தோட்டத்தில் எனக்குத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு வாரம். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் அரிசோனாப் பாலைவனப் பாத்தி ஒன்று, நடுவே சிறு நீரோடை. நேற்று களை பிடுங்கச் சொன்னார்கள். ஓடைக்கரையில் பச்சைப்பசேலென நின்ற இளஞ்சிவப்புப் பூச்செடிகளை, பாலைவனத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று அடியோடு பிடுங்கினேன். மணலில் வாடி நின்ற இந்தச் செடியை மட்டும் விட்டுவைத்தேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான். மாலையில் பாத்தியைப் பார்த்த தலைமைத் தோட்டக்காரியின் முகம் வெளுத்துவிட்டது. பாலைவன ஓடைக்கரைகளில் வளரும் அரிய பூ அங்கே இருந்ததாம். அதே சாயலில் இந்த நாட்டுக் களையும் ஒன்று உண்டாம். எஞ்சியது எதுவென்று சொல்லக்கூடியவர் அந்தப் பூவின் விதையைத் தோட்டத்துக்குத் தந்த லைப்சிக் அம்மையார். இதழ், பூவின் அடிக்குழாயளவு நீளமென்றால் அரிசோனாப் பூ. அதன் விதையில் எல்லாவற்றையும் மீட்கலாம். குட்டையென்றால் களை, என் வேலையும் அதோடு சரி. ஆனால் பூ வெயில் பட்டால்தான் விரியும், மதியம் கழிந்தால் மூடிவிடும்.

ஹனோவர், 9.40. ரயில் தாமதித்ததால் அடுத்ததைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் மேடையில் நின்றோம். வானம் முழுக்க மேகம்.

"அம்மையாரைப் பாக்கிற தேர்மின் ரெண்டு மணிக்குத்தானே. பயப்பிடாதையும்."

"அதுக்குள்ள வெயில் வராட்டி என்ன செய்யிறது?"

மாக்டபூர்க் தாண்டியபின், 12.10க்கு, ஜன்னலில் வெயில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பூ விரிந்தது.

"அடிமட்டத்தை எடுங்கோ," என்றேன். அவர் பிடித்தார், நான் படமெடுத்தேன். இதழ், குழாயில் பாதிகூட இல்லை.

"பிழையா அளந்திருப்பம்," என்றார். மூன்று முறை அளந்தோம்.

லைப்சிக்கில் அம்மையார் படத்தைப் பார்த்ததும் களைதான் என்றார். அப்படியென்றால் நான் பிடுங்கியவைதான் அரிய பூ, அவற்றை எங்கே போட்டேன் என்று கேட்டார். கண்ணாடி வீட்டுக்கு வெளியே ஒரு திறந்த வாளியில் என்றேன். அவை செத்தவைதான் என்று யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "காற்று நெருப்பாய் எரிந்தாலும் இவற்றின் வேர் ஈரத்திலேயே கிடக்கும்," என்றார் அவர். "வாளி நனைந்திருந்தால் ஒரு நாள் தாங்கும். காய்ந்திருந்தால் போய்விட்டது."

வெளியே லைப்சிக் நல்ல வெயிலில் அழகாக இருந்தது. பதினெட்டு வருடமாக வுப்பர்டாலின் மழையைத் திட்டித் தீர்த்தவள் நான். தலைமைத் தோட்டக்காரியை அழைத்து, பிடுங்கியது முழுக்க அந்தப் பூவைத்தான் என்று சொன்னேன். பிறகு அங்கே மழையா என்று கேட்டேன்.

"நீ போனதிலிருந்து கொட்டுகிறது," என்றார். "ஏன்?"