மௌன நாளில் வாய் திறந்த எட்டாவது பன்றி

என் கொழுந்தனாரை ஊரில் பான் கெர்த்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கெர்த்தியின் அப்பா என்று அர்த்தம். அவர் மனைவி மென் கெர்த்தி, அதாவது கெர்த்தியின் அம்மா. அந்தக் கெர்த்தி கல்யாணமாகி மலைக்கு வடக்கே போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பெயரை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் ஒரே சுற்றுச்சுவருக்குள்தான் குடியிருக்கிறோம். கிழக்குப் பக்க அறை எங்களுடையது, மேற்குப் பக்க அறை அவர்களுடையது, தெற்குக் கோடியில் ஏழு பன்றிகள்.

பான் கெர்த்திக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கோயில் திருவிழா முடிந்தால் மற்றவர்கள் படைத்த பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் மட்டும் தள்ளுவண்டியில் வாடிய செவ்வந்தியும், காய்ந்த தென்னங்குருத்துத் தட்டும், வாழையிலையில் ஒட்டிய சோறுமாக வருவார்.

"சாமி சாப்பிட்ட மிச்சத்த நாம சாப்பிடுறோம் அண்ணி. நம்ம மிச்சத்தப் பன்னி சாப்பிடுது. பன்னிக்கு அப்புறம் யாரு?" என்று என்னிடம் கேட்பார்.

"பன்னிக்கு அப்புறம் நீதான்டா" என்பார் என் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலே.

போன வருஷம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஏதோ அலுவலகத்திலிருந்து இரண்டு நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாடு அட்டைப் பெட்டியில் தருகிறார்கள் என்று போனவர், பன்னிரண்டு முழம் நீளத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றோடு திரும்பி வந்தார். பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் பள்ளம் தோண்டி அதைப் படுக்க வைத்தார். ஒரு முனையில் பன்றிச் சாணமும் வாடிய பூவும் அழுகிய பழமும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். மறுமுனையில் வாழைக்கு உரமாகக் கூழ் வெளியே வரும். நடுவில் பை உப்பி, அதிலிருந்து ஒரு குழாய் வழியாக மென் கெர்த்தியின் அடுப்புக்கு எரிவாயு போகும்.

தின்கிறது, உப்புகிறது, பின்னால் போகிறது. வாலும் காதும்தான் இல்லை. அதற்கு எட்டாவது பன்றி என்று நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்.

அதில் ஒரு தொந்தரவு வந்தது. எங்களுக்கு ஆடுமாடு பன்றிகளுக்குப் படையல் வைக்க ஒரு நாள், கத்தி மண்வெட்டி மோட்டார் சைக்கிளுக்குப் படையல் வைக்க இன்னொரு நாள். இந்தப் பை எதில் சேர்த்தி? பான் கெர்த்தி மூன்று நாள் யோசித்தார். கடைசியில் இரண்டு நாளும் வைத்தார். "எதுலயும் விட்டுப்போன மாதிரி அது நினைச்சிரக் கூடாதில்ல அண்ணி" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் ஓரகத்தி இருபத்தாறு வருஷம் விறகுப் புகையில் சமைத்தவள். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். விடிந்தால் அவள் இருமல் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். பை வந்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. நான் எழுந்திருக்கத் தாமதமானது. "இனிமே என்னை விறகு ஊதச் சொன்னீங்கன்னா நான் கெர்த்தி வீட்டுக்குப் போயிருவேன்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ரஸ்மினி அக்கா இருக்கிறாள். அவள் மூக்கு ஊருக்கே தெரிந்த மூக்கு. நாலாவது வீட்டில் கருவாடு வறுத்தால் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லுவாள். பஞ்சார் கூடியபோது, அதுதான் எங்கள் தெருக்காரர்களின் ஊர்க்கூட்டம், அவள் எழுந்து நின்றாள்.

"பன்னிச் சாணிய இவரு பையில கட்டி வச்சிருக்காரு. ஊர்ல எல்லாரும் பையில அரிசிதான் வைப்பாங்க."

கூட்டம் சிரித்தது, ஆனால் ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. வருஷப் பிறப்புக்கு ஊரே சத்தமில்லாமல் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் மௌன நாள் முடிந்து அடுத்த கூட்டம் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் பையால் ஊருக்கு ஏதாவது தொல்லை என்று நிரூபணமானால் அதைக் கிழித்துப் பள்ளத்தை மூடிவிட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதிலிருந்து பான் கெர்த்தி பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பையைப் பார்த்துக்கொண்டார். ஓட்டை உண்டா, நாற்றம் உண்டா என்று தினமும் மூக்கை வைத்து முகர்ந்தார். ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை.

மௌன நாளுக்கு முந்தின சாயங்காலம் நாற்சந்தியில் பெரிய படையல். பிறகு பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு மேளமும் கூச்சலுமாக ஊர்வலம். அதெல்லாம் முடிந்ததும் பான் கெர்த்தி தள்ளுவண்டியை எடுத்தார். ஐந்து நடை. சோறு, பழம், பூ, பலகாரம் எல்லாம் பைக்குள் போயிற்று.

"போதும்ங்க, அதுக்கு வயிறு வெடிச்சிரும்" என்றாள் மென் கெர்த்தி.

"நாளைக்கு வேலை செய்யக் கூடாதே, யாரு வந்து போடுறது? பாவம், பட்டினி கிடக்குமில்ல. ரெண்டு நாளைக்குச் சேர்த்துத் தின்னட்டும்."

பக்தியுள்ள மனுஷன். நாளைக்கு வேலை கூடாது என்பது அவருக்கு நினைவு இருந்தது. நாளைக்கு அடுப்பு மூட்டவும் கூடாது, அதனால் உள்ளே சேருகிற வாயு செலவாகாது என்பது மறந்துபோயிற்று. எனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் படுத்துவிட்டோம்.

மௌன நாளில் நாலு விஷயம் ஆகாது. நெருப்பு ஆகாது, வேலை ஆகாது, வாசலைத் தாண்டக் கூடாது, கேளிக்கை கூடாது. நான் இதோடு சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிடுவேன். காலையில் குளித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். வண்டி இல்லை, விமானம் இல்லை, வானொலி இல்லை. பழுத்த இலை விழுவது கூடக் கேட்கிற அமைதி. மனசு கடவுள் பக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ப்ள்ளர்ர்ர்ப்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கடவுள் என்னை மன்னிக்கட்டும், முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

ப்ள்ளர்ர்ர்ப்... புளுக், புளுக்.

சத்தம் தெற்கேயிருந்து வந்தது. பைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும். வாயு அளவுக்கு மீறினால் ஒரு குழாய் வழியாக அந்தத் தண்ணீரில் குமிழியிட்டு வெளியே போகும், பை வெடிக்காது. மற்ற நாளில் அது எப்போதாவது ஒரு ஏப்பம் விடும், யாருக்கும் கேட்காது. இன்றைக்கு முழு ஊரும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து போய்ப் பார்த்தேன். பை சினைப்பன்றி மாதிரி பளபளவென்று நின்றது. பான் கெர்த்தி தலையணையால் பாட்டிலைக் கட்டிப் பிடித்திருந்தார். மென் கெர்த்தி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தின்னட்டும் தின்னட்டும்னீங்களே" என்று கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். அதுகிட்டச் சொல்லுங்க."

அவர் தலையணையை விட்டுவிட்டுக் குழாயை மடக்கிப் பிடித்தார். சத்தம் நின்றது. ஆனால் பை கிறீச் கிறீச் என்று இழுபட ஆரம்பித்தது. பயந்துபோய் விட்டுவிட்டார். சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஏழு பன்றிகளும் எழுந்து நின்று மரியாதையோடு அதைப் பார்த்தன.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூழாங்கல் வந்து விழுந்தது. ரஸ்மினி அக்காவும் பேசா விரதம் போலிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விரதம் போச்சு. துண்டை வாயில் திணித்துக்கொண்டு வாழை மரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் வாசலில் மடே தங்காஸ் தெரிந்தார். அன்றைக்குத் தெருவில் நடமாட அனுமதி உள்ளவர்கள் ஊர்க் காவலர்கள் மட்டும். தங்காஸ் அவர்களுக்குத் தலைவர். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, காதில் சிவப்புப் பூ, முன்னால் ஒரு நல்ல தொந்தி.

"யாருய்யா அது?" என்றார் ரகசியக் குரலில். "நாற்சந்தியில நிக்கிறேன், என்னைப் பார்த்து விடுற மாதிரியே இருக்கு."

பான் கெர்த்தி கையைக் கூப்பினார். பாட்டிலே பதில் சொல்லிற்று.

தங்காஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். "ஊர்க்கட்டளை ஞாபகம் இருக்கில்ல? தொல்லைன்னா கிழிச்சு மூடணும். கிழி."

"கிழிக்கலாம் அண்ணே. ஆனா அது வேலையாச்சே. இன்னிக்கு வேலை செய்யலாமா?"

தங்காஸ் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, அடுப்பத் திறந்து எரிச்சுத் தீர்த்துரு."

"நெருப்பு அண்ணே."

"அப்ப வயலுக்கு இழுத்துட்டுப் போ."

"வாசலத் தாண்டணுமே அண்ணே."

"பாட்டில் தண்ணியக் கொட்டிட்டு சும்மா தொறந்து விட்டா? சத்தம் வராதுல்ல?"

மென் கெர்த்தி சுவரைக் காட்டினாள். காற்று ரஸ்மினி அக்கா வீட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. மொத்த நாற்றமும் ஒரே மூச்சில் அந்த மூக்குக்குப் போனால் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தங்காஸ் தொந்தியைத் தடவினார். "இன்னிக்கு ஊர்ல யாரு சத்தம் போட்டா நான் தட்டிக் கேக்க முடியாது?"

"நாய்தான்" என்றாள் மென் கெர்த்தி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், வாயில் துண்டோடு.

அன்றைக்கு மனுஷர் நடமாட்டம் இல்லாததால் நாய்களும் படுத்துக் கிடந்தன. குரைக்க வேண்டுமென்றால் யாராவது தெருவில் நடக்க வேண்டும். நடக்கக் கூடியவர் தங்காஸ் ஒருவர்தான். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பினார். எங்கள் தெரு முனையில் ஒரு வெள்ளை நாய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது. அது ஆரம்பித்ததும் தெரு முழுக்கக் கச்சேரி. அந்தச் சமயம் பார்த்துப் பான் கெர்த்தி மடக்கிய குழாயை விட்டார். குரைப்பில் கலந்து எல்லாம் போயிற்று. நாய் ஓய்ந்ததும் மறுபடி மடக்கினார்.

அமைதியைக் காக்க வேண்டிய மனுஷர் மத்தியானத்திலிருந்து நாய்களைக் குரைக்க வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். எட்டாவது நடையில் வெள்ளை நாய்க்கு அலுத்துவிட்டது. படுத்தபடியே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இங்கே பை கிறீச்சிடுகிறது. மென் கெர்த்தி கண்ணை மூடிக்கொண்டு என்னென்னவோ முணுமுணுத்தாள். மறுபடி விறகு ஊதக் கூப்பிட்டுவிட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

அப்போது தெருவிலிருந்து கேட்டது. "வவ்! வவ் வவ்!" கனத்த, கரகரத்த குரல்.

தங்காஸ்தான் குரைத்தார்.

வெள்ளை நாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. அது எழுந்தது, மற்றவையும் எழுந்தன. குழாய் திறந்தது. நான் துண்டைக் கடித்ததில் அது கிழிந்துபோயிற்று. சிரித்தேன் என்று சொல்ல முடியாது. சிரிக்கவில்லை என்று சத்தியமும் செய்ய முடியாது.

இருட்டுகிற நேரத்தில் மழை வந்தது. அந்தக் குளிர்ச்சியில் பையும் மெல்ல அடங்கிற்று.

மறுநாள் காலை மறுபடி நெருப்பு மூட்டலாம். ஒருவரையொருவர் பார்த்து மன்னிப்புக் கேட்கிற நாளும் அதுவே. பான் கெர்த்தி சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கிளம்புவதற்குள் ரஸ்மினி அக்காவே வந்தாள், கையில் கெண்டியோடு.

"கல்லு எறிஞ்சதுக்கு மன்னிச்சிருங்க. மேல படலயே?"

"பன்னி மேலதான் பட்டுச்சு அக்கா. நீங்கதான் எங்களை மன்னிக்கணும்."

"சரி சரி. எங்க வீட்டு சிலிண்டர் தீர்ந்துபோச்சு, கடை தொறக்கல. கொஞ்சம் தண்ணி சுட வச்சுக்கட்டுமா?"

மென் கெர்த்தி அடுப்பைத் திருகினாள். ஐந்து வண்டிப் படையல் சும்மா இருக்குமா? தீ நீலமாக எகிறி நின்றது. கெண்டி உடனே கொதித்தது. ரஸ்மினி அக்கா தீயைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அங்கேயே ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கெண்டியோடு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பஞ்சார் கூடியது. மௌன நாளில் ஏதாவது குறை உண்டா என்று தலைவர் கேட்டார்.

"நாய்ங்க தாங்கல" என்றார் ஒருவர்.

"அதுல ஒண்ணு புது நாய்" என்றார் இன்னொருவர். "தொண்டை கட்டின கெழட்டு நாய் மாதிரி. எங்கேருந்து வந்துச்சோ."

தங்காஸ் தரையில் ஏதோ விழுந்ததுபோல் குனிந்து தேடினார். அரைமணி நேரம் நாய் விவகாரமே போயிற்று. பிறகு தலைவர் பான் கெர்த்தியின் பக்கம் திரும்பினார். "பையைப் பத்தி யாருக்காவது சொல்ல இருக்கா?"

ரஸ்மினி அக்கா எழுந்தாள். மென் கெர்த்தி என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு இருக்கு. இந்தப் பை நாறுது. நேத்தும் நாறிச்சு, இன்னிக்கும் நாறுது. எங்க வீட்டுப் பக்கம்தான் நாறுது."

பான் கெர்த்தி தலையைத் தொங்கப்போட்டார்.

"நாத்தம் பூராவும் எனக்கு, நெருப்பு மட்டும் அவங்களுக்கா? இது எந்த ஊரு நியாயம்? சுவத்துல ஒரு ஓட்டை போட்டு எனக்கும் ஒரு குழாய் விடச் சொல்லுங்க. என் வீட்டுப் பன்னி மூணும் நாளையிலேருந்து அவருக்குத்தான் வேலை செய்யும்."

தலைவர் முதல்முறையாகச் சிரித்தார். அப்படியே தீர்ப்பாயிற்று. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: மௌன நாளுக்கு முந்தின மூன்று நாள் எட்டாவது பன்றிக்கும் விரதம். அதைத் தங்காஸ் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும்.

கூட்டம் கலைவதற்குள் பான் கெர்த்தி வீட்டுக்கு ஓடிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் உளியும் சுத்தியலுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ரஸ்மினி அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அய்யோ, உங்க இடது இல்ல, என் இடது!"