இரண்டாவது சிடி

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திகிரியில் சிடி வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் ஒல்லியானவர். எந்த சிடியையும் சட்டையில் துடைத்து, அதில் தன் மீசையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கன்னடம் பேசும் பொம்மைப் படத் தொடர் ஒன்றை அவரிடம் வாங்கினேன்; அண்ணன் தங்கை கதை. தங்கை காட்டில் தொலைந்ததோடு முதல் சிடி முடிந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடை திறந்ததுமே போய் நின்றேன்.

"ரெண்டாவது குடு தம்பி. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு" என்றேன் வெட்கத்தோடு.

"புள்ளைங்கல்லாம் இஸ்கூல்ல இருக்குதேம்மா!" என்று சிரித்தார். "அத ஒரு கம்பெனிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"பொண்ணு கெடைச்சாளா? அதையாவது சொல்லு."

அவர் சிரிப்பு நின்றது. "நானும் மொத சிடிதாம்மா பாத்தேன். மனசே ஆறல. இருங்க, கடையப் பாத்துக்கங்க!"

மொபெட்டில் பறந்துபோய் வாங்கி வந்து, கடை டிவியிலேயே போட்டார். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்ததும், "சிக்கிட்டாம்மா, கெடைச்சிட்டா!" என்று மேசையைத் தட்டிக் குதித்தார். நானும் கூச்சத்தை மறந்து கைதட்டினேன். வாசலில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பொம்மைக்காக அப்படிக் குதித்த பெரிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் கிடைத்தது குகையிலா, ஆற்றங்கரையிலா என்பதுதான் மறந்துபோனது. அந்த சிடி வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.