நெருப்புக்குச் சிவப்பு, மழைக்கு நீலம்

அந்தக் கட்டடத்தில் 'பை அக்கா' என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பள்ளிக்கூடப் பை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருட வேலை. வார் பிடித்துத் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பெயர் வந்தது அதனால் அல்ல. மூன்றாவது மாடியில், அவள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால், மூன்று ஆணிகளில் மூன்று பைகள் எப்போதும் தொங்கும். அவளே தைத்தவை. சிவப்பு நெருப்புக்கு. நீலம் வெள்ளத்துக்கு. வெள்ளை ஆஸ்பத்திரிக்கு.

ஏன் இத்தனை பயம் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ஊருக்குள் தண்ணீர் வந்தது. வெறுங்கையோடு மொட்டைமாடிக்கு ஓடியவள், இரண்டு நாள் அங்கேயே கிடந்தாள். குழந்தைக்குப் போர்த்த ஒரு காய்ந்த துணி இல்லை. மகளுக்கு மூச்சிளைப்பு நோய் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். பெற்ற மனம் கேட்குமா?

ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பைகளையும் தரையில் கொட்டி, சரிபார்த்து, திரும்ப அடுக்குவாள். நீலப் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பத்திரங்கள், கயிறு, விசில், மாற்றுத் துணி. சிவப்பில் நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டுகள், கையுறை, டார்ச். வெள்ளையில் மருத்துவச் சீட்டுகளும் ஒரு போர்வையும்.

கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டில் துணை அவனுடைய தங்கைதான். அழகு நிலையத்தில் வேலை. வாய் சும்மா இருக்காது.

"பேய் வந்தா எந்தப் பை அண்ணி? கறுப்புல ஒண்ணு தைச்சு வெச்சிடுங்களேன்."

"சிரி, நல்லா சிரி. அன்னிக்கு முதல்ல அலறப்போறது இந்த வாய்தான்."

"அலறுறதுக்கு முன்னாடி எந்தக் கலர்னு உங்ககிட்ட கேட்டுக்கிறேன்."

குழந்தை அத்தையின் மடியில் விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்ததும் லேசாக இளைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பை அக்காவின் கை அப்படியே நின்றுவிடும்.

மூச்சு அடைத்தால் வாயில் அடிக்கும் ஸ்பிரே வீட்டில் இரண்டே இரண்டு. ஒரு சீட்டுக்கு ஒன்றுக்கு மேல் மருந்துக் கடையில் கொடுப்பதில்லை. அன்றாடத்துக்கு ஒன்று, ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். மற்றது அவசரத்துக்கு, பையில். எந்தப் பையில் என்பதற்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. வெயில் காலம் முழுக்கச் சிவப்பில். முதல் மழை விழுந்த அன்று அது நீலத்துக்கு மாறும். ஸ்பிரேயை மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாயை மட்டும் மூன்று பையிலும் ஒவ்வொன்று போட்டிருந்தாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆபத்து என்றால் பையைத் தவிர வீட்டில் எதையும் தொடக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது, நேராகக் கதவு.

அது நான்காவது நாள் மழை. கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மூக்கில் ஏதோ அரித்தது. ரப்பர் கருகும் நாற்றம். சன்னலைத் திறந்தாள். கீழ்த்தளத்தில் மெத்தை வியாபாரியின் ஸ்பாஞ்ச் கிடங்கு. அதன் ஷட்டர் இடுக்கிலிருந்து புகை கறுப்பாகச் சுருண்டு, மழையையும் மீறி மேலே வந்துகொண்டிருந்தது.

ஐந்து வருடமாக இதற்காகத்தான் அவள் பழகியிருந்தாள்.

"பாப்பாவைத் தூக்கு," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

நாத்தனார் குழந்தையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு கதவுக்கு வந்தாள். மறு கை எட்டியது நீலப் பையை.

பை அக்கா அந்தக் கையைப் பட்டென்று அடித்தாள். "அது வெள்ளத்துக்கு. கண்ணு தெரியல? சிவப்பு."

சிவப்பை மாட்டினாள். ஃபிரிட்ஜைத் தாண்டித்தான் கதவுக்கு வந்திருந்தார்கள். அதன் மேல் இருந்ததை இருவரும் பார்க்கவில்லை. பையைத் தவிர எதையும் தொடக் கூடாது அல்லவா?

மாடிப்படியில் புகை மேலிருந்து இடுப்பு வரை இறங்கி நின்றது. படிச் சன்னலில் விழுந்த மழையில் நனைத்த துண்டைக் குழந்தையின் முகத்தில் கட்டி, சுவரைத் தடவித் தடவி இறங்கினார்கள். இரண்டாவது மாடியில் குழந்தை இருமத் தொடங்கியது. முதல் மாடியில் இருமல் நின்றது. இருமக்கூட மூச்சு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

தெருவுக்கு வந்ததும் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் குழந்தையை உட்கார வைத்து, சிவப்புப் பையின் ஜிப்பை இழுத்தாள். குழாய் கைக்கு வந்தது. ஸ்பிரே வரவில்லை. பையைக் கவிழ்த்தாள். துண்டு, கையுறை, டார்ச். உள்பையைக் கிழித்தாள், தான் தைத்த தையலையே.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் மழை. நீலப் பை.

மழைக்காலத்தில் தீப்பிடிக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"மேலே இருக்கு," என்றாள். "நான் மேலே போறேன்."

"எங்கே போறீங்க? படியே தெரியல அண்ணி."

"விடு. நீலத்துல இருக்கு. விடுடி என்னை."

நாத்தனார் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அண்ணி அவளை 'டி' போட்டு அழைத்தது அதுவே முதல் தடவை. குழந்தையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. உதடு நிறம் மாறியது. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது. அம்மாவிடம்தான் எல்லாவற்றுக்கும் பை இருக்கிறதே என்று நம்பும் கண்.

தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. நாத்தனார் ஒவ்வொரு வண்டியாக ஓடிக் கண்ணாடியைத் தட்டினாள். "குழந்தைக்கு மூச்சு அடைக்குது. இளைப்பு ஸ்பிரே யார்கிட்டயாவது இருக்கா?" ஆறு வண்டி இல்லை என்றது. ஏழாவது, தண்ணீர் கேன் ஏற்றிய வேன். டிரைவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் துழாவினார். திருகாணி, பழைய ரசீது, பாதி தின்ற பிஸ்கெட் பொட்டலம் எல்லாம் வெளியே விழுந்தன. கடைசியில் அழுக்கேறிய ஒரு ஸ்பிரே.

மூடியைத் துடைத்து நீட்டினார். "நானும் இதே கேஸ்தாம்மா. குலுக்கிட்டு அடிங்க. பதறாதீங்க."

அவள் குழாயைத் திருப்பிப் பிடித்ததில் ஸ்பிரே பொருந்தவில்லை. டிரைவரே பொருத்தினார். ஒன்று. இரண்டு. நாலாவது அடிக்குப் பிறகு குழந்தையின் தோள் தளர்ந்தது. ஒரு சின்ன அழுகை வந்தது. அழுகைக்கும் மூச்சு வேண்டும் அல்லவா? அதைக் கேட்டுத்தான் அவள் தரையில் சரிந்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. வீட்டுக்கு நெருப்பு ஏறவில்லை. சுவரெல்லாம் புகைக்கரி மட்டும். திரும்பி வந்து சுவரைத் தேய்த்த மூன்று நாளும் அவள் ஒரு சொல்லுக்காகப் பயந்து காத்திருந்தாள். 'நான் நீலத்தைத்தானே எடுத்தேன்' என்று நாத்தனார் எந்த நிமிடமும் கேட்பாள். கேட்டால் பூமிக்குள் புதைவதைத் தவிர வழியில்லை. அவள் கேட்கவில்லை. நான்காம் நாள் பை அக்காவே தாங்க முடியாமல் வாய்விட்டாள்.

"நீ சரியாத்தான் எடுத்த. நான்தான் கையைத் தட்டிவிட்டேன். என் குழந்தையை நானே..."

நாத்தனார் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு என்ன தெரியும் அண்ணி? அது கைக்குக் கிட்ட இருந்துச்சு, எடுத்தேன். பயத்துல எடுத்தேன். நீங்க பயத்துல அடிச்சீங்க. அவ்வளவுதான்." துணியை வாளியில் பிழிந்துவிட்டு, "என்ன, வலிச்சுது," என்றாள்.

பை அக்கா அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். குழந்தையின் உடுப்புகள் ஒன்பது. ஒவ்வொன்றின் இடுப்பு உள்பக்கத்திலும், பள்ளிக்கூடப் பைக்குப் போடும் முரட்டு நூலால், ஸ்பிரே அளவுக்கு ஒரு பாக்கெட். இரட்டைத் தையல். இரவு உடுப்பிலும்.

முதல் உடுப்பை மாட்டிவிட்டு, ஃபிரிட்ஜின் மேலிருந்ததை எடுத்துப் பாக்கெட்டில் வைத்தாள்.

"குத்துதும்மா," என்றது குழந்தை.

"குத்தட்டும்," என்றவள், குழந்தையை இழுத்து அதன் மார்பில் காதை வைத்தாள். மூச்சு சீராகத்தான் போய் வந்தது. ஆனாலும் அவள் காதை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.