நாற்பத்தொன்றின் நல்ல குணங்கள்

எங்கள் மொன்டானா மலையூரில் எல்வுட் பிராண்டைத் தெரியாத வேட்டைக்காரர் கிடையாது. என் கணவரின் துப்பாக்கிக் கடையில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, நாற்பத்தொன்று என்ற தோட்டா அளவு கொண்ட தம்முடைய கைத்துப்பாக்கியின் புகழ் பாடுவார். எல்லாரும் வைத்திருக்கும் நாற்பத்துநாலைவிடச் சுடும்போது உதைப்பு குறைவு, குறி தப்பாது, கரடியையும் நிறுத்தும் என்பார்.

"அதுக்குத் தோட்டா வாங்க பரலோகத்துக்குத்தான் போகணும்யா" என்று கேலி செய்வார்கள். கடைகளில் அரிது என்பதால் அவர் வீட்டிலேயே மருந்து அடைத்துத் தோட்டா செய்துகொள்வார்.

அவருடைய தம்பி கோர்டியைக் கரடி கொன்ற பிறகு அந்தப் பேச்சு நின்றது. போன மாதம் அந்தத் துப்பாக்கியை விற்கக் கொண்டுவந்தார்.

ஆற்றோரம் மீன் கணக்கெடுக்கும் மார்லிஸ் என்ற பெண் அதைக் கையில் எடுத்தாள்.

"பெரியவரே, இது கரடியை நிறுத்துமா?"

"நிறுத்தும்மா. உன்கூட வர்றவர் என்ன வச்சிருக்கார்?"

"என் வீட்டுக்காரரா? நாப்பத்திநாலு."

"அப்ப இது வேண்டாம்."

"வியாபாரத்தைக் கெடுக்காதேய்யா" என்று என் கணவர் சிரித்தார். எல்வுட் சிரிக்கவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"கரடி பாஞ்சப்ப கோர்டி துப்பாக்கி ஆத்துல விழுந்துடுச்சு. நான் அடைச்சு வச்சிருந்தது ஆறுதான், அதுவும் தீர்ந்துபோச்சு. அவன் இடுப்புப் பட்டையில இருபது இருந்துச்சு. 'என்னோடதை எடுத்துப் போடு அண்ணா'ன்னு கத்துறான். எல்லாம் நாப்பத்திநாலு. என் துப்பாக்கியில நுழையாதுன்னு தெரிஞ்சும் திணிச்சுக்கிட்டே இருந்தேன்."

மார்லிஸ் நாற்பத்துநாலே வாங்கிப் போனாள். எல்வுட் தம்முடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேறு யார் கைக்கும் அது போகக்கூடாது என்றார்.

ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். ஆனால் ஜெபம் முடியும்வரை அவர் கண்களை மூடவே இல்லை. மூடினால் அந்தக் குரல் கேட்குமாம்.