தீவுக்குப் போன அரக்குப் புடவை

"புது கம்பெனி பொறுப்பு எடுத்துக்கொண்டது. அறை வாடகையை ஏற்றிவிட்டார்கள். இந்த வாடகைக்குத் தகுந்த ஆட்கள் வேண்டுமாம். பழைய ஆட்களின் ஒப்பந்தத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் இப்போது சொல்லாதே."

மாலத்தீவிலிருந்து அண்ணன் எழுதிய இந்தக் கடிதத்தில் தேதி இல்லை. அவன் ஒருநாளும் தேதி போட்டவனல்ல. ஆரணி தபால் முத்திரையைப் பார்த்து, உறையின்மேல் 2003 பிப்ரவரி என்று நான்தான் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

முழுத் தீவும் ஒரே ஹோட்டல். அண்ணன் 1996இல் அங்கே சேர்ந்தான். அறைகளின் விரிப்பு, திரை, துவாலை எல்லாம் அவன் பொறுப்பு. இப்போது வந்தது மூன்றாவது நிர்வாகம். நிர்வாகம் மாறும்போதெல்லாம் வாடகை ஏறும். ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் பழைய முகங்கள் குறையும். அண்ணனுக்கு இரண்டு பெண்கள். அவன் சம்பளத்தில் ஆரணியில் எழும்பிக்கொண்டிருந்த வீடு கூரை மட்டத்தில் நின்றது.

மே மாதம் லீவில் வந்தபோது அவனே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பா பட்டு வியாபாரி. சென்னைக் கடைகளில் கொள்முதல் மேனேஜர் மாறினால், தட்டில் பூ, பழத்தோடு ஒரு புடவை வைத்துப் புது மேனேஜர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவார். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் மரியாதை. அன்றைக்கும் அலமாரியைத் திறந்து, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒன்றை எடுத்தார்.

"நைனா, அங்க மேனேஜரே ஒரு வெள்ளக்காரம்மா. அவங்ககிட்ட இதெல்லாம் செல்லாது."

"பட்ட வேணான்ற பொம்பள எந்த ஊர்லடா கீறா?"

"பேஜாராப் பூடும் நைனா."

"எட்த்துகினு போடா. வேலைய வுட்டுட்டு வந்து இங்க ஈ ஓட்டவா போற?"

நானும் அப்பா பக்கம்தான் பேசினேன்.

ஆகஸ்டில் போன் வந்தது. "குட்த்துட்டேன். சந்தோஷமா வாங்கிக்கினாங்க" என்றான் அண்ணன். "கட்டினாங்களாடா?" என்று அப்பா கத்தினார். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டான். அந்த வாரமே அவன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவனோடு சேர்ந்தவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடை, நூல் கடை, கல்யாணப் பந்தி எங்கே போனாலும், "மேனேஜரம்மா நம்ம பொடவையக் கட்டிகினு தீவையே சுத்தி வர்றாங்க" என்றார். உடன் நின்று நானும் தலையாட்டினேன்.

2004 கோடையில் அண்ணன் மறுபடி வந்தான். பெட்டியைக் கிளறிய அவன் பெண்கள், அறைகளின் படமும் வாடகையும் அச்சிட்ட ஹோட்டலின் புதுப் புத்தகத்தை வெளியே இழுத்தார்கள். வழவழப்பான தாள். அண்ணனைப் பார்க்க வந்திருந்த பக்கத்துத் தெருப் பட்டுக் கடைக்காரர் அதைப் புரட்டி, ஒவ்வொரு வாடகைக்கும் வாயைப் பிளந்தார். கடல்மேல் கட்டிய, எல்லாவற்றிலும் விலை கூடிய அறையில் நிறுத்தினார்.

"இன்னாங்க இது? நம்ம சரக்கு மாதிரி கீது, கால்மாட்டுல?"

வெள்ளைக் கட்டிலின் அடிப்பக்கம் குறுக்கே ஓர் அரக்குப் பட்டை. இரண்டு ஓரமும் பச்சைக் கரை. அதன்மேல் ஈரம் காயாத இரண்டு வெள்ளைக் கால்கள்.

"அந்த மாதிரி கரை இப்போ எல்லா ஊர்லயும் போட்றாங்க" என்றார் அப்பா.

"அப்பிடிங்களா? நான்கூட மேனேஜரம்மாவுக்கு பதிலா கட்டில் கட்டிகினு கீதோன்னு பாத்தேன்." கடைக்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த அம்மாள்மேல் குற்றமில்லை. ஊழியர் தரும் பரிசை மேனேஜர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது புது நிர்வாகத்தின் விதி. அதனால் ஹோட்டலுக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் பிறகு அண்ணி சொன்னாள். ஒரு வேலைக்காக யாசகம் கேட்பதுபோலக் கொடுத்துவிட்டு, அதை மரியாதை என்று ஊர் முழுக்கச் சொல்லி வந்தவர்கள் நாங்கள்தான். அதன்பின் பல மாதங்கள் அப்பா அந்தக் கடை இருக்கும் பக்கம் போகவில்லை. நானும் சைக்கிளை வேறு தெரு வழியாகத் திருப்பினேன்.

புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படத்தில் முந்தானை இல்லை. கட்டிலின் அகலத்துக்கு வெட்டி ஓரம் தைத்திருக்கிறார்கள். அந்தத் துணியில் கத்தரி வைத்தது அண்ணன் கையா, வேறு யாருடையதா? நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்றுவரை உறுதியாகத் தெரியாது.