ஒரு துப்பாக்கிச் சூடும் ஒன்பது பேப்பரும்

பங்குச் சந்தை நிறுவனம் ஒன்றில் பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். காலையில் பத்துப் பேப்பரைப் பிரித்து, போர், மிரட்டல், குண்டு என்று வரும் செய்திகளை எண்ண வேண்டும். உலகம் இன்றைக்கு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு நிறுவனம் தினமும் வெளியிடும் அந்த எண்தான் அளவு. அதைப் பார்த்துத்தான் ஜனம் பங்கை வாங்கும், விற்கும். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் ‘சண்டைக் கணக்கர்’.

அன்றைக்கு எங்கோ ஓர் எல்லையில் ஒரே ஒரு துப்பாக்கிச் சூடு. யாருக்கும் காயம்கூட இல்லை. ஒரு நிருபர் எழுதியதையே பத்தில் ஒன்பது பேப்பர்கள் எழுத்து மாறாமல் போட்டிருந்தன.

“சார், எல்லாம் ஒரே செய்தி. ஒண்ணுன்னு போட்டுடட்டுமா?”

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பேப்பருக்கு ஒண்ணு, அதான் விதி. ஒன்பது போடுங்க.”

“சுட்டது ஒரு தடவைதான் சார்!”

“உங்களை எண்ணச் சொன்னோமா, யோசிக்கச் சொன்னோமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது என்று எழுதினார். மதியத்துக்குள் சந்தை மளமளவென்று சரிந்தது. ஓய்வுப் பணம் முழுவதையும் பங்கில் போட்டிருந்த அக்கா புருஷன் போன் செய்தார்.

“மாப்ளே, பெரிய போரே வரப்போகுதாமே! வந்த விலைக்கு எல்லாத்தையும் தள்ளிட்டேன்.”

“ஐயோ மாமா, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“உன் எண்ணைப் பாத்துத்தானய்யா வித்தேன்!”

மறுநாள் பத்துப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் ‘போர்ப் பயத்தால் சந்தை சரிவு’ என்று இருந்தது. விதிப்படி அதுவும் போர்ச் செய்திதான். அவர் பத்து என்று அழுத்தி எழுதியதில் பென்சில் முனை ஒடிந்தது.